பாட்டேடும் எடிட்டரும்

நிரல் எழுதப் பயன்படும் மென்பொருளுக்கு எடிட்டர் என்று பெயர். தமிழ் பயின்றவர் காதில் அந்தச் சொல் வேறு பொருளில்தான் விழும். எடிட்டர் என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருபவர்கள் உ.வே.சாமிநாதையரும் சி.வை.தாமோதரம் பிள்ளையும். ஓர் எழுத்து ரகரமா, நெடிலின் காலா என்று தெளிவதற்காகப் பல ஏடுகளை அடுக்கி வைத்து ஒப்பு நோக்கியவர்கள் அவர்கள். கணினியில் இருக்கும் எடிட்டர் அப்படியன்று, சொன்னதை எழுதிக்கொள்ளும் வெறும் பலகை என்பதே பொதுவான எண்ணம். ஆனால் அதற்கும் ஒரு பதிப்பு நெறி உண்டு. எதை வைப்பது, எதை நீக்குவது, எதைக் கண்ணுக்குக் காட்டுவது, எதை மறைப்பது என்பவை 'செட்டிங்ஸ்' எனப்படும் அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. நாம் எழுதாமல் விட்ட இடங்களில் வேறு யாரோ நமக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் இயல்பிருப்பு என்கிறார்கள்.

எங்கள் துறையில் இருவர் சேர்ந்து, கணினி அறிவியல் துறை நண்பர் ஒருவரின் துணையோடும் மாணவர் சிலரின் உழைப்போடும், நாட்டுப்புறப் பாடல்களுக்கென ஒரு தளத்தைக் கட்டி வருகிறோம். 1980-களிலிருந்து நாட்டுப்புறவியல் தாளுக்காக மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று எழுதி வந்த தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு, தெம்மாங்கு என 500-க்கும் மேற்பட்ட பாடல்கள். பாடியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. எழுதிய நோட்டுகளிலும் சில, தட்டச்சு முடிந்த பின் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டன. பிரித்தால் தாளோடு மையும் வருகிறது. ஆகவே பல பாடல்களுக்குக் கணினிக் கோப்பு ஒன்றுதான் சான்று. ஒரே ஓர் ஏட்டுப்பிரதி மட்டும் கிடைத்த நூலைப் பதிப்பிப்பவர் எவ்வளவு அஞ்சுவாரோ, அவ்வளவு அச்சம் எங்களுக்கும் உண்டு. அந்த அச்சத்தோடு எடிட்டரின் அமைப்புகளைப் பார்க்கத் தொடங்கியபோது, கணினித் துறையினர் பொழுதுபோக்குப் போலப் பேசும் பொருள் எங்களுக்கு வேறாகத் தெரிந்தது.

கருவிகளைப் பற்றி முதலில் சில சொற்கள். வலைச்சட்டகமாக ஜாங்கோவைத் தேர்ந்தோம். நண்பருக்குப் பைத்தான் மொழி பழக்கம் என்பதே முதற்காரணம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி, 2005-இல் பொதுவெளிக்கு வந்த சட்டகம் அது. ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்னும் கித்தார்க் கலைஞரின் பெயரை இட்டிருக்கிறார்கள். பாட்டுக்கான தளத்திற்கு அதுவும் பொருத்தந்தான். எடிட்டர், மைக்ரோசாஃப்ட் 2015-இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட். சுருக்கமாகக் கோட் என்போம். பாடல் ஒவ்வொன்றும் மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டு முறையில் தனிக் கோப்பாக இருக்கும். ஒரு கட்டளை அவற்றையெல்லாம் படித்துத் தரவுத்தளத்தில் சேர்க்கும். வார்ப்புருக்கள் அவற்றைப் பக்கமாகக் காட்டும். ஆக ஒரே எடிட்டரில் நிரலும் வார்ப்புருவும் பாட்டும் அருகருகே திறந்திருக்கின்றன. சிக்கல் தொடங்குவது அங்கேதான். நிரலுக்கு நல்லது பாட்டுக்கு நல்லதாக இருப்பதில்லை.

கோட் எடிட்டரில் அமைப்புகள் இரண்டு இடங்களில் வாழ்கின்றன. ஒன்று, பயனரின் சொந்த அமைப்பு. எழுத்தின் அளவு, திரையின் நிறம் முதலிய விருப்பங்கள் அங்கே இருக்கும். அவர் திறக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் அது செல்லும். மற்றொன்று, அந்தத் திட்டத்தின் கோப்புறைக்குள்ளேயே புள்ளியில் தொடங்கும் ஒரு சிற்றறையில் இருக்கும் பணிவெளி அமைப்பு. திட்டத்தை யார் திறந்தாலும் அது அவர்களுக்கும் பொருந்தும். இரண்டும் முரண்பட்டால் பணிவெளி அமைப்பே வெல்லும். முதலாவது ஒருவரின் கையெழுத்துப் போன்றது. இரண்டாவது பதிப்பின் முகவுரையில் பதிப்பாசிரியர் சொல்லும் நெறிமுறை போன்றது. வலைச்சட்டகத்தில் கூட்டாக உழைப்போர் பலரும் இரண்டாவதைப் பொருட்படுத்துவதில்லை. அவரவர் கணினி, அவரவர் வழக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். நிரலுக்கு அது பெரிய கேடில்லை. சோதனைகள் இருக்கின்றன, தவறினால் நிரல் கத்திவிடும். ஒப்பாரி கத்தாது.

அது எப்படி என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், ஈரோட்டுப் பக்கத்துக்காரர், ஒரு நாள் நாற்பது பாடல்களைத் திறந்து, தலைப்பில் மாவட்டப் பெயர் சேர்த்துச் சேமித்து அனுப்பினார். பழைய வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தலைப்பு வரி மட்டும் மாறியிருக்க வேண்டும். ஆனால் பாட்டின் ஒவ்வோர் அடியும் மாறியதாகச் சிவப்பும் பச்சையுமாக நின்றது. எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். ஓர் எழுத்தும் மாறவில்லை. அவரை அழைத்துக் கேட்டபோது, "நான் ஒண்ணுமே மாத்தலீங்க ஐயா. தலைப்பு மட்டும் போட்டுச் சேவ் பண்ணேன், அவ்வளவுதானுங்க" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. மாற்றியவர் அவரல்லர், அவருடைய எடிட்டர்.

மார்க்டவுனில் ஒரு வழக்கம் உண்டு. வரியின் இறுதியில் இரண்டு வெற்றிடங்கள் விட்டால்தான் அடுத்த வரி, பக்கத்தில் அடுத்த வரியாக வரும். விடாவிட்டால் இரண்டு வரிகளும் ஒன்றாகச் சேர்ந்து உரைநடைப் பத்தியாகிவிடும். எங்கள் பாடல்களில் அடிதோறும் அந்த இரண்டு வெற்றிடங்கள் இருந்தன. நிரலாளர்களுக்கோ வரிக்கடைசி வெற்றிடம் என்பது அழுக்கு. சேமிக்கும்போதே அதைத் துடைத்தெறியும் அமைப்பு ஒன்று கோட் எடிட்டரில் இருக்கிறது. 'டிரிம் டிரெய்லிங் ஒயிட்ஸ்பேஸ்' என்பது அதன் பெயர். இயல்பிருப்பில் அது அணைந்தே இருக்கும். ஆனால் 'ஜாங்கோவுக்குச் சிறந்த அமைப்புகள்' என்று இணையத்தில் வலம்வரும் ஆயத்தப் பட்டியல்கள் பலவற்றில் அது முதல் ஐந்து வரிகளுக்குள் வந்துவிடும். மாணவர் அப்படியொரு பட்டியலைத் தம் சொந்த அமைப்பில் ஒட்டி வைத்திருந்தார். விளைவு, நாற்பது பாடல்கள் அடி இழந்தன. சொல் ஒன்றும் குறையவில்லை. செய்யுள் மட்டும் போய்விட்டது. அடி எங்கே முடிகிறது என்பதைச் சீரும் தொடையும் கொண்டு மீட்டுவிடலாமே எனச் சிலர் கருதலாம். வெண்பாவில் மீட்கலாம். பாடுபவரின் மூச்சே அடியாக இருக்கும் ஒப்பாரியில் எதைக்கொண்டு மீட்பது?

வடிவக் கண்காணிப்பு இருந்ததால் அன்றே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதன் பின் பணிவெளி அமைப்பில் நாங்கள் எழுதிய முதல் வரி இது: நிரல் கோப்புகளில் வரிக்கடைசி வெற்றிடம் துடைக்கப்படலாம், மார்க்டவுன் கோப்புகளில் கூடாது. கோட் எடிட்டரின் அமைப்புகளை மொழிவாரியாகப் பிரித்து எழுதலாம். சதுர அடைப்புக்குள் மொழியின் பெயரை இட்டு, அதற்கு மட்டும் விதிவிலக்குக் கூறலாம். பொதுவிதியும் புறனடையும் என்று இலக்கணம் படித்தவருக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. வேறுபாடு காட்டும் திரையிலும் ஒன்றைக் கவனித்தோம். வரியோர வெற்றிடத்தில் மட்டும் நிகழும் மாற்றத்தை அது இயல்பாகக் காட்டுவதில்லை. பொருட்படுத்தத் தகாதது என்று ஒதுக்கிவிடுகிறது. மார்க்டவுனுக்கு மட்டும் அவ்வாறு ஒதுக்காமல் காட்டும்படி வைத்திருக்கிறார்கள். மார்க்டவுனில் வெற்றிடத்துக்குப் பொருள் உண்டென்று அறிந்த எவரோ அங்கே இருந்திருக்கிறார். அவர் வாழ்க.

இதற்கு நேர்மாறான ஆபத்து வார்ப்புருக்களில். ஜாங்கோவின் வார்ப்புரு, எச்டிஎம்எல் பக்கத்தினுள் சுருள் அடைப்பும் விழுக்காட்டுக் குறியும் கொண்டு கட்டளைகளைப் பொதிந்து எழுதப்படுவது. கோப்பின் பெயர் எச்டிஎம்எல் என்று முடிவதால் எடிட்டர் அதை வெறும் எச்டிஎம்எல் என்றே கொள்கிறது. சேமிக்கும்போதே அழகுபடுத்து என்னும் அமைப்பும் இயங்குமானால், 120 எழுத்துக்கு மேல் நீளும் வரியை அது மடிக்கும். மடிப்பு ஒரு கட்டளையின் நடுவே விழுந்தால் கதை முடிந்தது. ஜாங்கோவின் கட்டளைக் குறி தொடங்கிய வரியிலேயே முடிய வேண்டும். இரண்டு வரிகளாகப் பிளந்தால் சட்டகம் அதைக் கட்டளையாகவே ஏற்காமல், சுருள் அடைப்போடு அப்படியே பக்கத்தில் அச்சிட்டுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. மேலும் இந்த 120 என்னும் கணக்கில் தமிழ் எழுத்துக்குத் தனி அநீதி இருக்கிறது. கொற்றவை என்பதில் நமக்கு நான்கு எழுத்துகள். கணினிக்கு ஏழு. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும். ஆகவே தமிழ் கலந்த வரி விரைவிலேயே எல்லையைத் தொட்டுவிடும். வார்ப்புருக் கோப்புறையில் உள்ளவற்றையெல்லாம் ஜாங்கோ வார்ப்புரு என்றே அறியும்படி கோப்பிணைப்பு அமைப்பை எழுதினோம். அதற்கு ஜாங்கோ நீட்சி ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டும். அவ்வகைக் கோப்புகளுக்கு அழகுபடுத்தலை அணைத்தும் வைத்தோம். அழகு குறைந்தாலும் பாதகமில்லை. இந்த இணைப்பைச் செய்தபின் எம்மெட் எனும் சுருக்கெழுத்து வசதி நின்றுபோகும். அதற்கும் ஒரு வரி எழுதி அதை மீட்கலாம்.

பைத்தானுக்கு நான்கு வெற்றிட உள்தள்ளல், திட்டத்திற்கெனத் தனிப் பைத்தான் சூழல் போன்றவை எல்லா வழிகாட்டிகளிலும் உள்ளவை, விரிக்கவில்லை. விண்டோஸ் கணினி வைத்திருப்போர்க்கு மட்டும் ஒன்று. பாடற்கோப்பைத் திறக்கும் கட்டளையில் குறியேற்றத்தைச் சொல்லாமல் விட்டால், அங்கே பைத்தான் யூடிஎஃப்-8 என்று கொள்ளாமல் கணினியின் பழைய குறியேற்றத்தைக் கொண்டு படிக்க முயலும். தமிழ் அங்கேயே தடுக்கி விழும். பைத்தான் 3.7 பதிப்பு முதல் யூடிஎஃப்-8 நிலை என ஒன்று இருக்கிறது. எடிட்டருக்குள் திறக்கும் முனையத்தின் சூழல் மாறிகளில் அதை இட்டுவிட்டால், மாணவர் யார் ஓட்டினாலும் ஒரே விளைவு கிடைக்கும்.

இனிக் கண்ணுக்குத் தெரியும் பகுதி. நிரலாளர்கள் சம அகல எழுத்துருவை விரும்புவர். இகரமும் மகரமும் ஒரே அகலம் கொள்ளும் உலகம் அது. நிரலுக்கென வரும் சம அகல எழுத்துருக்களில் பொதுவாகத் தமிழ் இருப்பதில்லை. தமிழ் வந்ததும் எடிட்டர் கணினியிலுள்ள ஏதோவொரு தமிழ் எழுத்துருவைத் தேடி எடுத்துக்கொள்ளும். அது எதுவென நாமே சொல்லிவிடுவது நல்லது. எழுத்துரு அமைப்பில் காற்புள்ளியிட்டு வரிசையாக எழுதலாம். முதலாவதில் இல்லாத எழுத்தை இரண்டாவதில் தேடும். நாங்கள் நோட்டோ சான்ஸ் தமிழை இரண்டாவதாக வைத்தோம். வரி உயரத்தையும் கூட்டினோம். ஆங்கிலத்திற்கு அளந்த உயரத்தில் ஈகாரத்தின் சுழியும் ஊகாரத்தின் வாலும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். கணினி நண்பர் எங்கள் திரையைப் பார்த்து, "ஒரு பக்கத்துக்கு இத்தனை வரிதானா சார்?" என்றார். சுவடிக்கும் அச்சுக்கும் நடுவே அத்தனை வரிதான்.

அகலத்தைப் பற்றிய இன்னோர் அமைப்பு அதிகம் பேசப்படாதது. நீண்ட வரியைத் திரைக்குள் மடித்துக் காட்ட எடிட்டரிடம் இரண்டு முறைகள் உள்ளன. எளிய முறை, உயர்நிலை முறை எனலாம். எளிய முறையே இயல்பிருப்பு. எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று அது கொள்வதாக அதன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இலத்தீன் போன்ற எழுத்துகளுக்குச் சரியாக வரும் என்றும் அங்கேயே இருக்கிறது. தமிழில் அந்தக் கணக்கு பொருந்தாது. ஒருசில வரிகள் பாதியிலேயே மடியும். வேறு சில வலப்பக்க விளிம்பைத் தாண்டி ஓடும். உயர்நிலை முறையோ அளக்கும் வேலையை உலாவிப் பொறியிடம் விட்டுவிடுகிறது. பெரிய கோப்புகளில் வேகம் குறையக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதனுடன் இருக்கிறது. எங்கள் கோப்புகளில் மிகப் பெரியதே இரண்டு பக்க ஒப்பாரி. வேகம் குறைந்தால் குறையட்டும் என்று மாற்றினோம்.

சுட்டி நகர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. அம்புவிசையை அழுத்தினால் கொகரத்தை ஒரே தாவலில் கடக்கும். அது நம் எழுத்துக் கணக்கு. பின்னழிப்பு விசையை அழுத்தினால் ஒகரக் குறி மட்டும் போய்க் ககரம் நிற்கும். அது கணினியின் எழுத்துக் கணக்கு. இரண்டும் ஒரே கருவிக்குள் இருப்பது முரண்பாடு என்று கணினி நண்பர் சொன்னார். எங்களுக்கு அது வசதியாகவே இருக்கிறது. குறியை மட்டும் மாற்ற வேண்டிய பிழைகளே தட்டச்சில் மிகுதி.

பெரிதும் உழைப்பு வாங்கியது கண்ணுக்குத் தெரியாத பகுதிதான். ஓலைச்சுவடிகளில் புள்ளி இராது. தொல்காப்பியம் மெய்க்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி சொல்கிறது, எழுதுவோர் விட்டுவிட்டனர். எழுத்தாணியின் புள்ளி ஓலையைக் கிழிக்கும் என்பது காரணமாகச் சொல்லப்படும். நெடிலின் காலுக்கும் ரகரத்துக்கும் வடிவில் வேறுபாடில்லை. ஏடு படிப்போர் இடம் நோக்கி முடிவு செய்தனர். வடிவம் ஒன்று, எழுத்து இரண்டு என்பது சுவடியின் சிக்கல். கணினியில் இது தலைகீழாகவும் வரும் என்பதைப் பாடல்களில் ஒரு சொல்லைத் தேடியபோது கண்டோம்.

2003-இல் அந்நாளைய மாணவர்கள் ஒரு பகுதியைத் திஸ்கி குறியேற்றத்தில் தட்டச்சிட்டிருந்தனர். அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே நிற்கும். முதலில் கொம்பு, பிறகு மெய், பிறகு கால். பின்னாளில் மாற்றி ஒன்றின் வழியே அவை யூனிகோடுக்கு வந்தன. யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக மெய்யின் பின் நிற்கவும் வைக்கலாம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டும் சமம் என்றே யூனிகோடு விதியும் சொல்கிறது. எடிட்டரின் தேடலுக்கோ இரண்டும் வேறு. புதிதாகத் தட்டச்சிட்ட கோப்புகளில் கிடைக்கும் 'தொட்டில்', பழைய கோப்புகளில் கிடைக்காது. 500 பாடல்களில் தொட்டில் எத்தனை தாலாட்டுகளில் வருகிறது என்று எண்ணும் ஆய்வு மாணவர் பாதியைத்தான் எண்ணுவார். எண்ணிய பாதியை முழுமை என்று ஆய்வேட்டிலும் எழுதுவார்.

ஔகாரத்தில் இது இன்னும் மோசம். ஔகாரக் குறியின் பின்பகுதி பார்வைக்கு ளகரம் போலவே இருப்பதால், கொம்பு போட்டு ளகரம் அடித்தவர்கள் பலர். முன்னதையாவது யூனிகோடு ஒழுங்காக்கம் சேர்த்துவிடும். இதை எந்த விதியாலும் சேர்க்க முடியாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து. ஒவ்வொன்றாகப் பார்த்தே திருத்த வேண்டும். எடிட்டரின் தேடற்பெட்டியில் கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் இடங்களைத் தேடும் வாய்பாடு ஒன்றை எழுதி வைத்தோம். வந்தவற்றுள் 'தெளிவு' போன்ற சொற்கள் இராது. அங்கே கொம்புக்கும் ளகரத்துக்கும் நடுவே மெய் இருக்கிறதே என்பார் சிலர். கணினியில் கொம்பு மெய்யின் பின் நிற்பதால் தெளிவும் அதே வரிசைதான்; ஆகவே அதுவும் வந்து விழுந்தது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு பார்த்தோம். இந்த வேலையைச் செய்த மாலைகளில்தான் சுவடிப் பதிப்பாசிரியர்களின் கண்வலி ஓரளவு புரிந்தது.

2021 நவம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கண்ணுக்குத் தெரியாத யூனிகோடு குறிகளை நிரலுக்குள் ஒளித்து, படிப்பவர் காண்பது ஒன்றும் கணினி ஓட்டுவது வேறொன்றுமாகச் செய்ய முடியும் என்று காட்டியது அது. அதையொட்டிக் கோட் எடிட்டர், மயங்கத்தக்க எழுத்துகளையும் தெரியாத எழுத்துகளையும் கட்டமிட்டுக் காட்டத் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம்பிக்கை அளிக்கப்படாத கோப்புறை ஒன்றைத் திறந்தால், அடிப்படை ஆங்கிலக் குறிகளுக்கு அப்பாற்பட்ட ஒவ்வோர் எழுத்தையும் அது ஐயத்தோடு கட்டமிடுகிறது. எங்கள் திட்டத்தைப் புதிய கணினியில் முதன்முதல் திறந்த மாணவிக்குப் பாட்டு முழுவதும் கட்டங்களாகத் தெரிந்திருக்கிறது. பாட்டியின் தாலாட்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது போல என்றார் எங்களுள் ஒருவர். கோப்புறையை நம்புவதாக எடிட்டரிடம் சொன்னதும் கட்டங்கள் அகன்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், மார்க்டவுன் கோப்புகளுக்கு இந்தக் காவல் இயல்பாகவே நீக்கப்பட்டிருக்கிறது. உரைக் கோப்பில் ஆபத்தில்லை என்பது அவர்கள் கணக்கு. எங்களுக்கு ஆபத்தே அங்குதான். லக்ஷ்மி என்பதில் க்ஷகரத்தைக் கூட்டெழுத்தாகாமல் பிரித்துக் காட்ட, நடுவே அகலமில்லாப் பிரிப்பான் ஒன்றைச் சில விசைப்பலகைகள் இடுகின்றன. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போதும் அத்தகையவை ஒட்டிக்கொண்டு வரும். ஒரு சொல்லுக்குள் அது புகுந்தால் தேடல் தவறும். ஆகவே பொதுவழக்கத்துக்கு மாறாக, மார்க்டவுனில் தெரியாத எழுத்துகளைக் காட்டு என்று எழுதினோம்.

எடிட்டரால் காக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒவ்வொரு பாடலுக்கும் வலைமுகவரி வேண்டும். தலைப்பிலிருந்து முகவரிக்கு உகந்த குறும்பெயர் செய்ய ஜாங்கோவில் ஒரு செயற்கூறு உண்டு. குறும்பெயருக்கு அவர்கள் வைத்திருக்கும் 'ஸ்லக்' என்ற சொல்லும் செய்தித்தாள் அலுவலக வழக்குதான். யூனிகோடை அனுமதி என்று அதற்குச் சொல்லலாம். சொன்னாலும், பைத்தானின் இயல்பான வாய்பாட்டு முறைக்கு எழுத்து என்றால் உயிரும் அகரமேறிய மெய்யும் மட்டுமே. உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்தல்ல என்று அது நீக்கிவிடும். தாலாட்டு 'தலடட' ஆகும். ஒப்பாரி 'ஒபபர'. தெம்மாங்கு 'தமமஙக'. படி, பிடி, பாடி, பீடு எல்லாம் 'பட' என்ற ஒரே முகவரியில் போய் முட்டும். சுவடி எழுதியவர்கள் புள்ளியைத்தான் விட்டார்கள். காலையும் சுழியையும் விடவில்லை. இதை அமைப்பு எதனாலும் திருத்த முடியாது என்பதால், முகவரிக்குப் பாடலின் வரிசை எண்ணையே வைத்தோம். எடிட்டரில் செய்யக்கூடியதையும் செய்தோம். புதிய முகவரி எழுதும்போது சரியான வடிவத்தை நிரப்பித் தரும் துணுக்கு ஒன்றைப் பணிவெளியில் சேர்த்தோம். மாணவர்கள் பழைய செயற்கூறைத் தேடிப் போகமாட்டார்கள்.

அமைப்புக் கோப்பில் குறிப்புரை எழுத இடமுண்டு. ஒவ்வொரு வரியின் மேலும், அது ஏன் அங்கே இருக்கிறது, அதை நீக்கினால் எந்தப் பாட்டுக்கு என்ன ஆகும் என்று தமிழில் எழுதியிருக்கிறோம். ஆண்டுதோறும் மாணவர்கள் மாறுவார்கள். எங்கள் பணியிடமும் மாறலாம். காரணம் தெரியாத விதியை அடுத்து வருபவர் முதல் வாரத்திலேயே நீக்கிவிடுவார். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் பட்டியல்களின் குறையாக நாங்கள் கருதுவதும் இதுவே. அவற்றில் விதி இருக்கிறது. யாருக்காக, எந்த எழுத்தை மனத்தில் வைத்து என்பது இல்லை.

முடியாமல் இருப்பது ஒன்று. ஒப்பாரிகளை எழுதிவந்த மாணவர்களில் சிலர், பாடியவர் விம்மி நிறுத்திய இடங்களில், அடியின் நடுவே, தாளில் இரண்டு விரல் அகலம் இடம் விட்டிருக்கிறார்கள். தட்டச்சிட்டவர்களும் அதை மதித்துப் பல வெற்றிடங்களை இட்டிருக்கிறார்கள். உலாவி எத்தனை வெற்றிடத்தையும் ஒன்றாகவே காட்டும். அதற்கு ஒரு குறி வைப்போம் என்கிறார் எங்களுள் ஒருவர். பாடியவர் குறி எதையும் ஒலிக்கவில்லையே, வெற்றிடமாகவே காட்ட வழி பார்ப்போம் என்கிறார் மற்றவர். இன்னும் முடிவாகவில்லை. வெற்றிடங்களைக் காட்டு என்னும் அமைப்பை மட்டும் முழுமையாக இயக்கி வைத்திருக்கிறோம். எடிட்டரில் ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் மங்கலாக ஒரு புள்ளி தெரிகிறது. சில பாடல்களில், பெயர் சொல்லி அழைக்கும் இடத்தை ஒட்டி, ஒன்பது பத்துப் புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன.